நடுவில் கிழித்த தோல் சீட்டு

அந்தச் சைக்கிள் சீட்டு கடை வாசலில் ஓர் ஆணியில் தொங்கியது. சாரல் அடிக்கும்போது தங்கவேலு அதன்மேல் ஓர் உரச்சாக்கைப் போட்டு மூடுவார். சாரல் நின்றதும் சாக்கை எடுத்துவிடுவார். அன்றைக்குச் சாக்கை எடுத்த நேரம் பார்த்து நான் போய்ச் சேர்ந்தேன்.

தங்கவேலு சேலத்துக்காரர். ஏற்காட்டில் ஏரியிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வயதில் என்னைவிடப் பெரியவர். ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எல்லாரையும் அப்படித்தான்.

பம்பை வாங்கி முன் சக்கரத்துக்குக் காற்றடித்தேன். காற்று ஏற்கெனவே இருந்தது.

"வெள்ளையண்ணே, போதுமுங்க. டியூப்பு வெடிச்சா அப்பறம் நான்தான் ஒட்டோணும்."

பின் சக்கரத்துக்கு மாறினேன்.

ஒவ்வொரு தடவை குனிந்து நிமிரும்போதும் கண் அந்தச் சீட்டுக்குப் போனது. கனமான தோல். வறுத்த காப்பிக்கொட்டை நிறம். ஓரத்தில் செம்பு ஆணி. பின்பக்கம் இரண்டு தடித்த ஸ்பிரிங். யாரோ விளக்கெண்ணெய் போட்டுப் போட்டு ஊற வைத்திருந்தார்கள். ஈரக் காற்றில் அந்த வாடை வந்தது.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் சீட்டின் நடுவில், முன்னிருந்து பின்னாக, ஒரு விரல் நீளத்துக்குச் சந்து இருந்தது. கிழிந்த சந்து இல்லை. கத்தி வைத்துக் கிழித்தது. விளிம்பை மெழுகு நூலால் தைத்தும் இருந்தார்கள்.

அது எதற்கு என்று ஏற்காட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அது அங்கேயே தொங்கியது.

"ஏதாச்சும் பாக்கறீங்களா?" என்றார் தங்கவேலு.

"இல்லீங்க."

"பாக்கற மாதிரி இருந்துச்சு."

"பம்பு நல்லா இருக்குது" என்றேன்.

பம்பைக் கொடுத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வளைவு தாண்டும்வரை ஏறவில்லை. நான் ஏறுவதைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு மூலம்.

இந்தச் சொல்லை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ரொட்டி விற்ற கதையை வாராவாரம் எழுது என்று பத்திரிகையில் கேட்டார்கள். போன வாரம்வரை ரொட்டி, பன், வர்க்கி என்றே எழுதிக்கொண்டு வந்தேன். நான் சைக்கிளில் உட்கார்ந்து போனதாகத்தான் படிப்பவர்கள் நினைத்திருப்பார்கள். அதில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் உட்காரவே இல்லை.

தள்ளுவதும் இறங்குவதும்

மலையில் சைக்கிள் வேறு மாதிரி. ஏற்றத்தில் தள்ள வேண்டும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மிதிக்கிற வேலை கொஞ்சம்தான்.

நான் சைக்கிள் பழகியதே கல்யாணத்துக்கு அப்புறம். படிப்பு மூன்றாவது. காப்பிக்காட்டு வேலை, பலா சுமக்கிற வேலை எல்லாம் பார்த்துவிட்டு, ரொட்டிக் கடை முதலாளியிடம் போய் நின்றேன். "சைக்கிள் விடுவியா?" என்றார். விடுவேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை ரோட்டில் விழுந்து விழுந்து பழகினேன். சுற்றிப் பார்க்க வந்த ஜனங்கள் படகை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

விடியுமுன் ரொட்டிக் கடை. கேரியரில் தகரப் பெட்டி. நாகலூர் ரோடு. வழியில் ஒவ்வொரு எஸ்டேட்டிலும் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். பெண்கள் வேலைக்குப் போய்ப் பேர் கொடுப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். லேட்டானால் வீட்டில் ஆள் இருக்காது. ஆள் இல்லாத லைனில் ரொட்டியை நாய்தான் வாங்கும்.

பாரத்தை ஏற்றத்தில் தள்ளித் தள்ளி வந்ததா, ஸ்பிரிங் உடைந்த ரெக்சின் சீட்டில் இறக்கத்தில் குதித்துக் குதித்து வந்ததா, தெரியாது. ஒரு மாசி மாதம் ஆரம்பித்தது. முதலில் எரிச்சல். பிறகு ரத்தம்.

யாரிடமும் சொல்லவில்லை. கை ஒடிந்தால் ஊரே வந்து கேட்கும். காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். இதற்கு என்ன வரும்? சிரிப்புதான் வரும்.

இறக்கத்தில் பெடல்மேல் நின்றுகொண்டே போக ஆரம்பித்தேன். காற்று முகத்தில் அடிக்கும். பெட்டி பின்னால் தடதடவென்று ஆடும். லைன் வீட்டுப் பெண்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "நின்ன ரொட்டி வருது, பாத்திரத்த எடு" என்று சத்தம் போடுவார்கள். அதுவே பேராகிவிட்டது.

சேகர் என்று ஒருவன். டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டுபவன். அவன் வாய் சும்மா இருக்காது. ஜீப்பை என் பக்கத்தில் மெதுவாக விட்டுக்கொண்டு வருவான்.

"என்னண்ணே, எட்டி எட்டிப் பாக்கறீங்க? சேலம் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது" என்பேன்.

மாவு மூட்டை எடுத்துவர முதலாளி அடிவாரத்துக்கு அனுப்பும் நாட்களில் வேலி ஓரத்தில் துத்திக் கீரை பறித்து மடியில் கட்டி வருவேன். அது இதற்கு நல்லது என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. "சூட்டுக்கு நல்லது" என்று சொல்லி என் வீட்டுக்காரி பாவாயியிடம் கொடுப்பேன். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். வெங்காயம் போட்டு வதக்குவாள். தானும் நிறையப் போட்டுச் சாப்பிடுவாள். கீரை என்றாலே ஓரம் ஒதுக்குகிறவள் அவள். எனக்குத் துணையாகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரைட்டர் சீட்டு

நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் இருந்தார். கனத்த உடம்பு. வெள்ளைப் பேண்ட். அவரும் சைக்கிள்தான். அவருக்கும் இதேதான்.

டாக்டர் சொன்னார் என்று சேலத்துக்குப் போய், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, சீட்டின் நடுவைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்துவிட்டார். உட்கார்ந்து போகும்போது ஒன்றும் தெரியாது. இறங்கி நிறுத்தினால் தெரியும். காப்பி பறிக்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒருநாள் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். நானும் அங்கே பெட்டியைத் திறந்துகொண்டு நின்றேன்.

"ஏனுங்க ரைட்டரு, சீட்ட எலி கடிச்சிருச்சுங்களா?"

அவர் கோபிக்கவில்லை. "இல்ல கண்ணு. எனக்கு மூலம். நோவு எனக்கு, சிரிப்பு உனக்கு. ஆளுக்கொண்ணு எடுத்துக்குவோம்" என்றார்.

எப்படி அவருக்கு அந்தச் சொல் அவ்வளவு சுளுவாக வந்தது என்று பல நாள் யோசித்தேன். படித்தவர், சம்பளக்காரர், அதனால் வந்தது என்று முடிவு செய்தேன்.

வேலை முடிந்து அவர் சொந்த ஊருக்குப் போனபோது சைக்கிளை விற்றுவிட்டார். வாங்கியவன் முதல் வேலையாகத் தங்கவேலு கடைக்கு வந்து அந்தச் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ரெக்சின் சீட்டு மாட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து அது ஆணியில் தொங்கியது. பேர் ரைட்டர் சீட்டு. ஊரில் எவனாவது காலை அகட்டி நடந்தால், "என்ன, ரைட்டர் சீட்டு வேணுமா?" என்பார்கள்.

சீட்டை வாங்கினால் அந்தப் பேச்சும் கூடவே வரும்.

எல்லைக் கல்

ஏற்காட்டில் மட்டும் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் ஊர் இருந்தது.

கரடியூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஊர். ஊருக்குள் இறங்கும் தடத்தில் மஞ்சள் பூசிய கல் ஒன்று உண்டு. அதைத் தாண்டித் தோல் வரக்கூடாது. எங்கள் சாமிக்கு ஆகாது. எல்லார் செருப்பும் அந்தக் கல்லடியில் கிடக்கும். மழையில் ஊறி, வெயிலில் விறைத்து, மறுநாள் காலையில் காலைக் கடிக்கும். யாரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

வெளியாள் வந்தாலும் அதே கதைதான். பாரஸ்டுக்காரர் ஒருவர் பூட்ஸைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்று என்றதும் முறைத்தார். கடைசியில் ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டே ஊருக்குள் வந்து விசாரணை பண்ணினார். பலா விலை பேச வந்த ஒருவர் தோல் வாரு போட்ட கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நேரம் தெரியாமல் பஸ்ஸை விட்டுவிட்டார். "அப்ப மேளம்? அதுவும் தோல்தான?" என்று அவர் கேட்டதற்கு எங்கள் ஊர்க்கவுண்டர், "அது சாமி கேட்டு வாங்குனது" என்றார். அதற்குமேல் என்ன பேசுவது?

ரெக்சினைச் சாமி கண்டுகொள்ளவில்லை. தோல் சீட்டு வாங்கினால் தினமும் சாயங்காலம் அந்தக் கல்லடியில் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் போக வேண்டும். ஏற்காட்டில் நான் மேலே உட்கார்ந்து மறைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் அது திறந்து கிடக்கும். தண்ணிக்குப் போகிறவர்கள், காட்டுக்குப் போகிறவர்கள், எல்லாரும் பார்ப்பார்கள். கவிழ்த்து வைக்கலாமா என்று யோசித்தேன். கவிழ்த்தால் சந்து இன்னும் பளிச்சென்று தெரியும்.

வீட்டிலும் சரியில்லை. வேட்டியை நானே ஓடையில் துவைக்க ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் பாவாயி பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஏனுங்க, இதென்ன புதுசா?"

"மாவு ஒட்டிக்குது."

"மாவு ஒட்டுன துணி நான் தொவைக்காத துணியா?"

வேட்டியை முறுக்கிப் பிழிந்தேன். அவள் என் கையிலிருந்த வேட்டியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "செரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு பேருமே அதிகம் பேச மாட்டோம். அன்றிலிருந்து அதுவும் குறைந்தது. எனக்கு வேறு பெண்ணோடு பழக்கம் என்று நினைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றியது. அதிலாவது ஆம்பளை என்று ஒரு பேர் இருந்தது.

பன் உருண்ட நாள்

அந்த மழைக்காலத்தில்தான் விழுந்தேன். நாகலூர் இறக்கம். ரோடு முழுக்க ஈரமான சில்வர் ஓக் இலை. நின்றுகொண்டு வருகிறவனுக்குப் பிரேக் சரியாகப் பிடிக்க வராது. வளைவில் சைக்கிள் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பெட்டி வாயைத் திறந்துகொண்டது.

பன்கள் ரோட்டிலிருந்து இறங்கிக் காப்பிச் செடிக்குள் உருண்டன. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து சேலை மடியில் பொறுக்கினார்கள். பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி மண்ணை ஊதிவிட்டுக் கடித்துக்கொண்டே, "எந்திரிச்சு ஒக்காருங்கண்ணா" என்றாள்.

"நிக்கறேன்" என்றேன்.

முதலாளி பெட்டியின் நசுங்கலைத் தடவிப் பார்த்தார்.

"நின்னுக்கிட்டு ஓட்டுனா விழாம என்ன பண்ணும்? ஏன்டா நிக்கற நீ?"

"பழக்கமுங்க."

"பழக்கத்த மாத்து. இல்லீன்னா நாகலூர் லைன அவனுக்குக் குடுத்துருவேன். அவன் உக்காந்துதான் போறான்."

அவன் என்றது மொபெட் வைத்திருந்த ஒரு சேலத்து ஆளை. கொஞ்ச நாளாகவே அந்த வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதும் கடைக்கு வெளியே மொபெட்மேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு காலையும் தொங்கப் போட்டுக்கொண்டு எவ்வளவு சுகமாக உட்கார்ந்திருந்தான்! எனக்கு வேலை போவதைவிட அவன் உட்கார்ந்திருந்ததுதான் பொறுக்கவில்லை.

யாருக்கு?

மறுநாள் தங்கவேலு கடைக்குப் போனேன். சேகர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் தங்கவேலு, "வாங்கண்ணே" என்றுவிட்டார்.

"அந்தச் சீட்டு…" என்றேன்.

"எந்தச் சீட்டுங்க?"

ஒரு சீட்டுதான் தொங்கியது. மோவாயைத் தூக்கிக் காட்டினேன்.

தங்கவேலு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "யாருக்குங்க?"

எனக்கு ஒரு மச்சான் உண்டு. பாவாயியின் அண்ணன். சைக்கிள்கூடக் கிடையாது அவனுக்கு. ஆனாலும் அவன் பேர்தான் வாய்க்கு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தங்கவேலுவே சொல்லிவிட்டார்.

"மச்சானுக்குத்தானுங்களே? இதக் கேட்டவங்க எல்லாருக்கும் மச்சானுக்குத்தானுங்க வேணும். நாளைக்குக் கூட்டியாறேம்பாங்க. வர மாட்டாங்க. ஏற்காட்டுல இத்தன மச்சானுங்க இப்பிடிக் கஷ்டப்படறாங்களேன்னு எனக்கு நொம்ப வருத்தமா இருக்குதுங்க."

சேகர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது.

நான் சீட்டைப் பார்த்தேன். அந்த மொபெட்டுக்காரன் கால் ஆடியது கண்ணுக்குள்ளேயே நின்றது.

"எனக்குத்தானுங்க" என்றேன்.

சேகர் சிரிப்பை நிறுத்திவிட்டான். சிரித்ததைவிட நிறுத்தியது மோசமாக இருந்தது.

தங்கவேலு குரலை இறக்கி, "மாட்டிப் பாத்துருவோமுங்க" என்றார். பழைய சீட்டைக் கழற்றி எறிந்தார். இதை மாட்டி, உயரம் பார்த்து நட்டை முறுக்கினார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, "ஏறுங்க" என்றார்.

ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். ஏறினேன். உடம்பை மெதுவாக இறக்கினேன். எத்தனையோ மாதம் கழித்து உட்கார்ந்தேன்.

"அப்பாடா" என்று வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, அதுவாக வந்தது. அடுத்த கடைக்குக் கேட்டிருக்கும்.

கீழே இறங்கி யார் முகத்தையும் பார்க்காமல் மடியை அவிழ்த்தேன். தங்கவேலு கேட்டதைக் கொடுத்தேன். பேரம் பேச வாய் வரவில்லை. பேசியிருந்தால் குறைத்திருப்பார்.

கிளம்பும்போது சேகர் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, நெசமாலுமே சொகமா இருக்குதா?"

"இருக்குது."

"ஜீப்புக்கு இந்த மாதிரி பண்ண முடியுமான்னு…"

"உனக்கா?"

"சேச்சே, மச்சானுக்குண்ணே" என்றான். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்து நடைக்கு நாகலூர் இறக்கத்தில் உட்கார்ந்து போனேன். எனக்கு முன்னாலேயே சேதி போயிருந்தது. ஒவ்வொரு லைனிலும் பெண்கள் முதலில் சீட்டைப் பார்த்தார்கள், பிறகுதான் ரொட்டியைப் பார்த்தார்கள். "நின்ன ரொட்டி ஒக்காந்துருச்சுடி" என்றாள் ஒருத்தி. என் காது இரண்டும் சுட்டது. ஆனாலும் இறங்கி நிற்க மனசு வரவில்லை.

காற்றுக்கு

சாயங்காலம் எல்லைக் கல்லுக்கு வந்து சேர்ந்தேன். ஸ்பேனரை எடுத்தேன். தங்கவேலு நன்றாக முறுக்கியிருந்தார். நட்டு லேசில் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஊர்க்கவுண்டர் வந்தார்.

"என்றா வெள்ளையா, சைக்கிளப் பிரிக்கற?"

"சீட்டு தோலுங்க."

"நல்ல காரியம். வெளிய வையி." குனிந்து பார்த்தார். "இதென்ன நடுவுல ஓட்ட?"

"காத்துக்குங்க."

"அங்க எதுக்குடா காத்து?"

நான் நட்டோடு மல்லுக்கட்டினேன். அவர் குனிந்தபடியே பார்த்தார். கடைசியில் "ம்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊருக்குள் போனார்.

சீட்டைச் செருப்புகளுக்கு நடுவில் வைத்தேன். குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் நடையைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

சீட்டில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தடத்தில் இறங்கினேன். பின்னால் யாரோ வரும் சத்தம். பாவாயி. தலையில் புல்லுக்கட்டு. கல்லைத் தாண்டித்தான் வந்திருந்தாள்.

"அதுதான் ரைட்டர் சீட்டா?" என்றாள்.

எங்கள் ஊர்வரைக்கும் அந்தப் பேர் வந்திருக்கிறது. "ஆமா" என்றேன்.

"எப்பருந்து?"

"மாசியிலருந்து."

அவள் கட்டைக் கீழே இறக்கி வைத்தாள். நான் சொன்னேன், "நீ வேற என்னமோ நெனச்சிருப்ப."

"வேற என்ன நெனைக்கறது? அன்னிக்கு ஓடையில வேட்டியப் பாத்தனே, அப்பவே தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

அவள் தடத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

"எனக்கும் இருக்குதுங்க. பெரியவன் பொறந்ததுலருந்து."

பெரியவன் அப்போது பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போய்விட்டான். என் தோளுக்கு வளர்ந்திருந்தான்.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஆட்டுக்கல் முன்னால் உட்கார அவள் சாக்கை நாலாக மடித்துப் போடுவது. சாப்பிடும்போது குந்தியே இருப்பது. எல்லாருக்கும் முன்னால் எழுந்து, இருட்டிலேயே ஓடைக்குப் போய்த் துணி துவைத்துவிட்டு வருவது. அந்தக் குளிரில் என்ன அவசரம் என்று ஒரு தடவை சிரித்திருக்கிறேன். துத்திக் கீரை. அது எதற்கு என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். இத்தனையும் வைத்துக்கொண்டுதான் விறகும் தண்ணியும் காப்பி மூட்டையும் தலையில் சுமந்தாள்.

ஒரு மழைக்காலம் நின்றுகொண்டு போனதற்கு நான் எவ்வளவு பெரிய கஷ்டம் என்று நினைத்தேன்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க சொன்னீங்களா?"

குனிந்து கட்டைத் தூக்கினாள். நான் கை கொடுத்தேன். அதற்குள் பாதி தூக்கியிருந்தாள்.

தங்கவேலு கடையில் பட்ட வெட்கமும், எல்லைக் கல்லடியில் பட்ட வெட்கமும் அதற்கப்புறம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் நடையை அன்றைக்குத்தான் பார்த்தேன். இடது காலை ஒரு மாதிரி எடுத்து வைத்தாள். இதுவும் எத்தனை வருஷமோ.

சேலம் பஸ்

பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்க போயி யாருகிட்டக் காட்டறது? ஆம்பள டாக்டரா இருந்தா?"

"பொம்பள டாக்டரும் இருப்பாங்க."

"இல்லீன்னா?"

"இல்லீன்னா திரும்பி வந்தர்லாம்."

நாலைந்து நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். முதலாளியிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். யாருக்கு என்றார். ரெண்டு பேருக்கும் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அந்த ஒரு நாள் மொபெட்டுக்காரன் நாகலூர் போய்விட்டு வந்தான்.

பாவாயி விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஏற்காட்டில் பஸ் ஏறினோம். காலை நேரம். கூட்டமில்லை. பாதிச் சீட்டு காலி. பின்பக்கமாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். என்னால் சைக்கிள் சீட்டில்தான் உட்கார முடிந்தது. பஸ் சீட்டில் முடியாது.

பஸ் இறங்க ஆரம்பித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன சீட்டு காலியாக் கெடக்குது, உக்காருங்க."

"பரவால்லீங்க" என்றேன்.

"அட, வளைவுல விழுந்து வெச்சீங்கன்னா யாரு பதில் சொல்றது? சீட்டுக்கும் சேத்துத்தானுங்க டிக்கெட்டு."

முன்னால் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் எங்கள் முதலாளிக்குத் தெரிந்தவர்.

"நீங்க நில்லுங்க. அந்தம்மாவாச்சும் உக்காரட்டும்" என்றார் கண்டக்டர்.

அவளுக்கு உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் மூலமுங்க" என்றாள் பாவாயி. "ஒக்கார முடியாது. வளைவுல வண்டியப் பாத்துத் திருப்பச் சொல்லுங்க."

வீட்டில் என்னிடம் பேசும்போதுகூட அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

சிரித்தவர்கள் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கண்டக்டர் முன்னால் போனார். டிரைவர் காதில் குனிந்து ஏதோ சொன்னார். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பஸ் மெதுவாகத் திரும்பியது.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பாவாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து நின்றாள். நான் அடிவாரம் வரும்வரை தலையைத் தூக்கவில்லை.